லிச்ஃபீல்ட் பேராலயமும் அதன் முதல் ஆயர்களும்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஸ்டாஃபோர்ட்ஷயரில் இருக்கும் லிச்ஃபீல்ட் பேராலயத்தைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. நான் படித்தது 7, 8-ம் நூற்றாண்டுகளை. அதற்குள் வருவதை விரிவாகச் சொல்கிறேன், மற்றதை ஒரு வரியில் முடித்துக்கொள்கிறேன். ஆரம்பிக்கும் முன்னால் ஒன்று: எந்தக் கதையைக் கேட்டாலும், அதை எழுதியவர் சம்பவம் நடந்து எத்தனை வருஷம் கழித்து எழுதினார் என்று முதலில் பாருங்கள்.

கே: அக்கா, இந்தப் பேராலயத்தைக் கட்டியது புனித சாட்தானே?

இல்லை. மூன்று கோபுரங்களோடு இன்று நிற்கும் கட்டடம் பெரும்பாலும் 13, 14-ம் நூற்றாண்டுகளில் எழுந்தது. சாட் இறந்தது 672-ல். அவர் லிச்ஃபீல்டை ஆயர், அதாவது பிஷப், இருக்கும் பீடமாக்கினார், அவ்வளவுதான்.

கே: அப்படியானால் மெர்சியாவின் முதல் ஆயர் அவர்தானா?

அதுவும் இல்லை, ஐந்தாவது. மெர்சியா என்பது லிச்ஃபீல்ட் இருந்த அன்றைய நடு இங்கிலாந்து அரசு. அதன் அரசன் பெண்டா கடைசி வரை கிறிஸ்தவனாகவில்லை. 655-ல் அவன் போரில் செத்த பிறகுதான் அங்கே ஆயர் என்று ஒருவர் வந்தார். டியூமா, கெல்லாக், ட்ரும்ஹியர், ஜாருமன் என்று வரிசையாக நான்கு பேர். முதல் இருவரும் ஐரிஷ்காரர்கள். குருமார் பற்றாக்குறையால் மெர்சியர், நடு ஆங்கிலியர் என்ற இரண்டு இனத்து மக்களுக்கும் சேர்த்து ஒரே ஆயர்தான் இருந்தார் என்று 8-ம் நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய துறவி பீட் சொல்கிறார். 669-ல் சாட் வந்து லிச்ஃபீல்டில் உட்கார்ந்த பிறகுதான் பீடத்துக்கு ஓர் ஊர் கிடைத்தது.

கே: சாட் ஏற்கெனவே வேறு எங்கேயோ ஆயராக இருந்து பதவி பறிபோனவர் என்று படித்தேன். என்ன தப்பு செய்தார்?

நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். வடக்கே நார்தம்பிரியாவில் வில்ஃப்ரிட் என்பவரை ஆயராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் திருநிலைப்பாடு, அதாவது ஆயராக்கும் சடங்கு, பெறக் கடல் தாண்டி ஃபிராங்க் நாட்டுக்குப் போனவர், சீக்கிரம் திரும்பவில்லை. பொறுமையிழந்த அரசன் ஓஸ்வியு, சாட்டை அதே பதவிக்காகக் கேன்டர்பரிக்கு அனுப்பினான். சாட் போய்ச் சேரும்போது அங்கே பேராயர் இறந்துவிட்டிருந்தார். அதனால் மேற்கு சாக்சன்களின் ஆயர் வினியிடம் போனார். சடங்குக்கு ஆயர்கள் போதாமல் வினி இரண்டு பிரித்தானிய ஆயர்களைச் சேர்த்துக்கொண்டார். அவர்களோ ஈஸ்டர் தேதியை ரோமைப் போலக் கணக்கிடாதவர்கள். 664-ல் விட்பி திருச்சபை மன்றத்தில் அந்த ஈஸ்டர் தகராறுக்கு ரோமுக்குச் சாதகமாகத் தீர்ப்பாகி அப்போது அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

669-ல் புதுப் பேராயர் தியோடர் வருகிறார். பிறந்தது இன்றைய துருக்கியின் தார்சுஸில், போப் விட்டாலியன் அனுப்பிய ஆள், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வந்ததும், உமது திருநிலைப்பாடு முறையானதில்லை என்று சாட்டிடம் சொல்லிவிட்டார். சாட் வாதாடவே இல்லை. முறையாகப் பெறவில்லை என்று நினைத்தால் சந்தோஷமாக விட்டுவிடுகிறேன், நான் இதற்குத் தகுதியானவன் என்று ஒருபோதும் நினைத்ததில்லை என்றார். அந்தப் பணிவைப் பார்த்த தியோடர் சடங்கைத் தாமே முறைப்படி செய்து நிறைவாக்கினார். சாட் லாஸ்டிங்காம் மடத்துக்குத் திரும்பிவிட்டார், பீடம் வில்ஃப்ரிட்டுக்குப் போனது. ஜாருமன் இறந்து மெர்சியா அரசன் வுல்ஃபியர் ஓர் ஆயர் வேண்டும் என்று கேட்டபோது, தியோடர் புதிதாக ஒருவரைத் தேடவில்லை, அந்த மடத்திலிருந்த சாட்டையே வரவழைத்துக் கொடுத்தார்.

எனக்கு மிகப் பிடித்த இடம் இனிமேல்தான். சாட் எங்கே போனாலும் நடந்துதான் போவார். மெர்சியாவோ பரந்த நாடு. தூரம் போகும்போது குதிரையில் போங்கள் என்று தியோடர் சொல்ல, சாட் மறுத்தார். வயதான பேராயர் தம் கையாலேயே அவரைத் தூக்கிக் குதிரைமேல் உட்கார வைத்தாராம். இதை நான் நம்புகிறேன். பீட் எழுதி முடித்தது 731-ல், சாட் இறந்து 60 வருஷத்துக்குள். அதோடு பீட்டுக்கு வேதம் கற்பித்தவர்களில் ஒருவரான ட்ரும்பர்ட், சாட்டின் மடத்தில் அவரிடமே படித்த துறவி. சாட்டுக்கும் எழுத்துக்கும் நடுவில் நின்றது ஒரே ஒரு ஆள்.

கே: வுல்ஃபியர் தன் இரண்டு மகன்களைக் கொன்றதும், மான் ஒன்று அவர்களைச் சாட்டிடம் கூட்டிப்போனதும் உண்மையா?

பீட்டில் ஒரு வார்த்தை இல்லை. கதை கிடைப்பது பல நூற்றாண்டு கழித்துத்தான். முதலில் சொன்ன கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள்.

கே: ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் காலத்தில் லிச்ஃபீல்டில் 1000 கிறிஸ்தவர்களைக் கொன்றார்களாமே?

இதற்கும் அதே பதில்தான். இடைக்காலத்தின் பிற்பகுதியில் வளர்ந்த கதை.

கே: சாட்டின் கல்லறை எப்படி இருந்தது? தங்கம் வைத்து இழைத்திருப்பார்களா?

மரம். சின்ன வீடு மாதிரி கூரை வைத்துச் செய்த மரப்பெட்டி என்கிறார் பீட். சுவரில் ஓர் ஓட்டை இருக்கும். வருகிறவர்கள் அதற்குள் கையை விட்டுக் கொஞ்சம் மண் எடுப்பார்கள், தண்ணீரில் கரைத்து நோயாளிக்கும் நோய் வந்த மாட்டுக்கும் கொடுப்பார்கள். முதலில் அவரைப் புதைத்தது புனித மரியா கோயிலுக்குப் பக்கத்தில். பேதுரு பெயரில் கோயில் எழும்பியதும் எலும்புகளை அங்கே மாற்றினார்கள். 700-ல் ஹெட்டா ஆயர் கோயிலை அர்ச்சித்தார் என்பது பிற்கால லிச்ஃபீல்ட் மரபு, பீட் தேதி தரவில்லை.

கே: லிச்ஃபீல்டில் பேராயர் இருந்தார் என்று ஒருவர் சொல்கிறார், நம்பலாமா?

நம்பலாம். 787-ல் மெர்சியா அரசன் ஆஃபாவின் முயற்சியால் ஆயர் ஹைஜ்பர்ட் பேராயரானார், போப் ஹேட்ரியன் அவருக்குப் பாலியம் என்னும், பேராயர்கள் தோளில் அணியும் பட்டையை அனுப்பினார். கேன்டர்பரியின் மாகாணம் இரண்டாக உடைந்தது. 803-ல் திரும்ப ஒட்டவைத்தார்கள்.

கே: இது பச்சையான அதிகார வெறி. கேன்டர்பரிப் பேராயர் ஜேன்பர்ட்டைப் பழிவாங்கத்தான் ஆஃபா செய்தான்.

பழி இருந்தது, மறுக்கவில்லை. 798-ல், பின்னால் அரசனான கோன்வுல்ஃப் போப் மூன்றாம் லியோவுக்கு எழுதிய கடிதத்திலேயே இதைச் சொல்கிறான்: ஜேன்பர்ட் மேலும், கேன்டர்பரி இருக்கும் கென்ட் மக்கள் மேலும் இருந்த பகையால் ஆஃபா இதைச் செய்தான் என்று. ஆனால் அதே விஷயத்தில் லியோவின் பதிலையும் படியுங்கள். நாடு பெரிதாகிவிட்டது, எல்லோரும் ஒருமனதாகக் கேட்கிறோம் என்று ஹேட்ரியனிடம் சொல்லப்பட்டதாலேயே அனுமதி தரப்பட்டது என்கிறார். இரண்டுமே சம்பவத்துக்குப் பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் எழுதிய கடிதங்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப்போட முடியாது.

கே: கோன்வுல்ஃபே மெர்சியா அரசன். சொந்த நாட்டுப் பெருமைக்கு எதிராக அவன் ஏன் பொய் சொல்லணும்?

பொய் என்று நான் சொல்லவில்லை, அவனுக்கும் ஒரு தேவை இருந்தது என்கிறேன். அந்தக் கடிதத்திலேயே, தென்பகுதிப் பேராயர் பீடத்தை லண்டனுக்கு மாற்றலாமே என்று கேட்கிறான். போப் கிரகரி 601-ல் போட்ட திட்டத்தில் லண்டன், யார்க் என்று இரண்டு பேராயர்கள்தான் இருந்தார்கள். யார்க் 735-ல் பேராயர் பீடமாகியும்விட்டது. லண்டனோ அப்போது மெர்சியாவின் கையில், கென்ட் கலகத்தில். ஆக அவன் லிச்ஃபீல்டை விட்டுக்கொடுத்து லண்டனைப் பிடிக்கப் பார்த்தான். லியோ ஒத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் 787-ல் இன்னொன்றும் நடந்தது. ஆஃபாவின் மகன் எக்ஃப்ரித் தந்தை உயிரோடு இருக்கும்போதே அரசனாகத் திருநிலைப்படுத்தப்பட்டான். இங்கிலாந்தில் அரசனைத் திருநிலைப்படுத்தியதாகப் பதிவாகியிருக்கும் முதல் சடங்கு அது. ஜேன்பர்ட் செய்ய மாட்டார் என்பதால்தான் தனக்கென்று ஒரு பேராயரை ஆஃபா தேடினான் என்பது பல ஆய்வாளர்களின் ஊகம். என் கணிப்பும் அதுதான். வெறும் பழியைவிட வாரிசுக் கவலைதான் அவனை அதிகம் ஓட்டியது. கடைசியில் 796 ஜூலையில் ஆஃபா செத்தான், டிசம்பரில் எக்ஃப்ரித்தும் செத்தான்.

கே: சாட் கட்டிய கோயிலின் தூண்கள் இன்னும் இருக்கிறதா?

முதல் பதிலைப் படித்துவிட்டு வாருங்கள்.

கே: 2009-ல் கிடைத்த ஸ்டாஃபோர்ட்ஷயர் புதையல் பேராலயத்துச் சொத்துதானே?

அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. ஹேமர்விச்சில், லிச்ஃபீல்டுக்குச் சில மைல் தள்ளி ஒரு வயலில் கிடைத்தது. தங்கம் மட்டும் சுமார் 4 கிலோ, பெரும்பாலும் வாள் பிடிகளிலிருந்து பிய்த்தெடுத்த அலங்காரங்கள். மடித்து நசுக்கிய சிலுவையும், ஆண்டவரே எழுந்தருளும், உம் பகைவர் சிதறுண்டு போகட்டும் என்ற பைபிளின் எண்ணிக்கை நூல் வசனம் லத்தீனில் பொறித்த பட்டையும் அதில் உண்டு. காலம் சாட்டுக்கு ஒட்டியது என்பதற்காக அவரோடு முடிச்சுப் போடாதீர்கள்.

கே: அந்தப் புதையல் ஆஃபாவுடையதாக இருக்கலாமோ?

ஆஃபா அரசனானது 757-ல். புதையல் அதற்கு நூறு வருஷம் போல முந்தியது.

கே: லிச்ஃபீல்ட் நற்செய்தி நூலை அங்கேயேதான் எழுதினார்களா?

எழுதிய இடம் பற்றி இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. 8-ம் நூற்றாண்டு நூல், மிச்சமிருப்பது 236 பக்கம். மத்தேயு, மாற்கு, லூக்காவின் தொடக்கம். எனக்கு அதன் ஓரக்குறிப்புகள்தான் விருந்து. கெல்ஹி என்பவர் தம் சிறந்த குதிரையைக் கொடுத்து சிங்கல் என்பவரிடமிருந்து இதை வாங்கிப் வேல்ஸ் நாட்டுப் புனிதர் டெய்லோவின் பலிபீடத்துக்குக் காணிக்கையாக்கினார் என்று ஒரு குறிப்பு. அப்படியென்றால் ஒரு காலத்தில் நூல் வேல்ஸில் இருந்திருக்கிறது. இன்னொரு குறிப்பில் நிலத் தகராறு ஒன்று வெல்ஷ் மொழியிலேயே வருகிறது, எழுத்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வெல்ஷ் வாசகங்களில் அதுவும் ஒன்று. 10-ம் நூற்றாண்டில் நூல் லிச்ஃபீல்டுக்கு வந்துவிட்டது.

கே: ஆயர் பீடம் லிச்ஃபீல்டை விட்டுப் போனது ஏன்?

நார்மன் காலம், என் எல்லைக்கு வெளியே. 1075-ல் செஸ்டருக்கும், 1102-ல் கவென்ட்ரிக்கும் போனது. காரணத்தை அந்தக் காலம் படித்தவரிடம் கேளுங்கள்.

கே: சாட் காலத்து மிச்சம் ஏதாவது கண்ணால் பார்க்க முடியுமா?

அவர் காலத்தது இல்லை, ஆனால் ஆஃபா காலத்துக்கு நெருங்கியது ஒன்று உண்டு. 2003-ல் நடுக்கூடத்தின் தரையைத் தோண்டியபோது மூன்று துண்டாக ஒரு சுண்ணாம்புக்கல் தேவதை கிடைத்தது. சுமார் 800-ம் ஆண்டு வேலை. மண்ணுக்குள் கிடந்ததால் அதன் மேல் பூசிய சிவப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மரியாவுக்கு மங்கள வார்த்தை சொல்லும் கபிரியேலாக இருக்க வேண்டும். சாட்டின் எலும்புகளை வைத்த கற்பேழையின் ஒரு பக்கம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கே: மறுபடியும் ஆஃபா. லிச்ஃபீல்டுக்குக் கீழே எந்தெந்த ஆயர்கள் போனார்கள் என்று மாம்ஸ்பரி வில்லியம் தெளிவாகப் பட்டியல் போட்டிருக்கிறார். அதை ஏன் சொல்லவில்லை?

வில்லியம் 12-ம் நூற்றாண்டுக்காரர். 300 வருஷத்துக்கு மேல் தள்ளி உட்கார்ந்து எழுதியவர். வூஸ்டர், ஹெரிஃபர்ட், லெஸ்டர் என்று போகும் அவர் பட்டியல் சரியாகவே இருக்கலாம், ஆனால் லியோவின் கடிதத்துக்குக் கொடுக்கும் எடையை அதற்குக் கொடுக்க மாட்டேன். ஹைஜ்பர்ட் உயிரோடு இருக்கும்வரை பாலியத்தைப் பிடுங்க வேண்டாம் என்று அறிஞர் அல்குயின் எழுதிய கடிதமும் சமகாலத்ததே, அதைப் படியுங்கள். 803 அக்டோபர் 12-ல் க்ளோவெஷோ திருச்சபை மன்றம் லிச்ஃபீல்டின் பேராயர் பதவியை ரத்து செய்தபோது லிச்ஃபீல்டின் ஆயராகப் பதிவாகியிருப்பது ஆல்ட்வுல்ஃப். ஹைஜ்பர்ட் என்ற பெயர் மடாதிபதிகள் பட்டியலில் வருகிறது. பழைய பேராயரேதான் அவர் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள்.