கிராப் செய்வதும் ஒரு புராஜெக்டா?

வணக்கம் ஐயா,

போன வாரம் மகளோடு வந்துவிட்டுக் கிளம்பும்போது, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டீர்கள்: "ஸ்டுடியோவுல நான் தினம் நாற்பது போட்டோ கிராப் பண்றேன். அதையேதான் இவளும் நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சுட்டு ஃபைனல் இயர் புராஜெக்ட்னு பண்றாளா?" அன்று அடுத்த ஆள் காத்திருந்ததால் சிரித்து அனுப்பிவிட்டேன். அப்புறம் அவள் அனுப்பிய புரோகிராமை உட்கார்ந்து பார்த்தேன்.

நீங்கள் கிராப் செய்யும்போது எங்கே வெட்டுவது என்று உங்கள் கண் சொல்லிவிடும். இவள் எழுதியிருக்கும் கருவியில் அதை ஏஐ ஏஜென்ட் சொல்கிறது. ஏஜென்ட் என்றால், ஒரு வேலையை ஒப்படைத்தால் தேவையான கருவிகளைத் தானே கூப்பிட்டுப் படிப்படியாக முடிக்கிற ஏஐ. "இந்த மளிகை பில்லில் துவரம் பருப்பு என்ன விலை?" என்று கேட்டால், பில்லை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டு, "இடமிருந்து 60 முதல் 90 சதவீதம், மேலிருந்து 40 முதல் 50 சதவீதம், அந்தத் துண்டைக் கொடு" என்று கருவியிடம் கேட்கும். கருவி வெட்டிக் கொடுக்கும்.

முழுப் படமே கையில் இருக்கும்போது துண்டு எதற்கு? செல்போனில் எடுத்த படம் 3000க்கு 4000 பிக்சல் இருக்கும். ஏஐ மாடல்கள் அதை அப்படியே பார்ப்பதில்லை, சுருக்கித்தான் பார்க்கும். ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் கிளாட் மாடல்கள் பலவற்றில் படத்தின் நீளப் பக்கம் 1568 பிக்சலைத் தாண்டக் கூடாது. அப்படிச் சுருங்கும்போது, 30 பிக்சல் உயரமிருந்த எண் 12 பிக்சலுக்கும் கீழே போய்விடும். மூன்றும் எட்டும் ஒன்றுபோலத் தெரியும். வெட்டிய துண்டோ 900க்கு 400 பிக்சல்தான். அது சுருங்காமல் முழுத் தெளிவோடு போகும்.

இங்கேதான் உங்கள் மகள் ஒரு தப்பு செய்திருக்கிறாள். சுருக்கிய பிரதியிலிருந்து வெட்டி, அதைப் பெரிதாக்கி அனுப்புகிறாள். பாஸ்போர்ட் சைஸ் பிரின்டை ஸ்கேன் பண்ணி 12க்கு 18 போட்டுக் கொடுங்கள் என்று யாராவது கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "நெகட்டிவ் இருக்கா?" என்றுதானே. அதையே அவளிடமும் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரிஜினல் படத்திலிருந்துதான் வெட்ட வேண்டும். நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வாள்.

இன்னும் இரண்டு இடங்களில் அவள் புரோகிராம் சறுக்குகிறது. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம், ஃபைலுக்குள் பல நேரம் படுத்த நிலையில்தான் இருக்கும். எந்தப் பக்கம் மேலே என்ற குறிப்பு தனியாக ஒட்டியிருக்கும். அந்தக் குறிப்பைப் படிக்காமல் வெட்டினால் விலை கேட்ட இடத்தில் கடை விலாசம் வரும். அடுத்து, ஏஜென்ட் சில சமயம் படத்துக்கு வெளியே உள்ள இடத்தையும் கேட்டுவிடும். அவள் படத்தை வெட்டப் பயன்படுத்துவது பில்லோ (Pillow) என்ற, பைதான் புரோகிராம் மொழிக்கான ரெடிமேட் தொகுப்பு. அது அதற்குப் பிழை என்று சொல்லாது. படம் இல்லாத பகுதியைக் கறுப்பாக நிரப்பிக் கொடுத்துவிடும். கறுப்புக் கட்டத்தைப் பார்த்த ஏஜென்ட் தெரியவில்லை என்று சொன்னால் நல்லது. சொல்லாமல் ஏதோ ஒரு விலையை அடித்துவிடவும் வாய்ப்புண்டு. "நீ கேட்ட இடம் படத்துக்குள் இல்லை, சரியான அளவைக் கொடு" என்று கருவியே திருப்பிச் சொல்ல வேண்டும். இன்டர்வியூவில் யாராவது துருவிக் கேட்டால் இதைப் பற்றித்தான் கேட்பார்கள். புரோகிராமில் படத்தை வெட்டுகிற வரி ஒன்றே ஒன்று, அதை எவரும் எழுதிவிடலாம்.

புராஜெக்ட் சென்டரில் ரெடிமேடாக வாங்கிவிடலாம் என்று நீங்கள் சொன்ன யோசனை வேண்டாம். பணம் கொடுத்து பைண்டிங்கோடு வாங்கிய புராஜெக்ட், வைவாவில் இரண்டாவது கேள்விக்குத் தாங்காது. பேங்க் பரீட்சைக்கும் படிக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அவள் பயம் வேறு. ஓபன்ஏஐ 2025 ஏப்ரலில் வெளியிட்ட ஓ3 மாடல் தானே படத்தை வெட்டி, பெரிதாக்கி, திருப்பிப் பார்க்கிறது. "பெரிய கம்பெனியே செஞ்சுட்டான், என்னோடது வேஸ்ட்டா சார்?" என்று கேட்டாள். கருவி பழசாகலாம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு கருவி உண்மையில் உதவுகிறதா என்று அளந்து காட்டத் தெரிந்தவர்களுக்கு இந்தத் துறையில் இன்னும் பஞ்சம்தான். இது வேலைக்கு உத்தரவாதம் என்று சொல்ல நான் யார்? வெறும் சர்டிஃபிகேட்டோடு போவதைவிட இந்தக் கணக்கோடு போகலாம் என்று மட்டும் சொல்வேன்.

அந்தக் கணக்கு இப்படி. 50 பில் படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி. கருவி இல்லாமல் ஒரு முறை, கருவியோடு ஒரு முறை. எத்தனை சரி, எத்தனை தப்பு, டோக்கன் (ஏஐ பயன்பாட்டை அளந்து காசு போடும் அலகு) செலவு எவ்வளவு என்று எழுத வேண்டும். ஒவ்வொரு துண்டும் தனிப் படமாகக் கணக்கில் ஏறும். 900க்கு 400 துண்டுக்கு கிளாடில் சுமார் 480 டோக்கன். ஏஜென்ட் விடாமல் வெட்டிக்கொண்டே போகாதபடி ஒரு கேள்விக்கு ஐந்து வெட்டு என்று வரம்பு வைக்கலாம். கருவியால் விடை தப்பாகிப்போன படங்களையும் ஒளிக்காமல் எழுதச் சொல்லுங்கள். துண்டில் எண் பளிச்சென்று இருக்கும், ஆனால் மேலே இருந்த "அளவு", "விலை" என்ற தலைப்பு வெட்டுப்பட்டிருக்கும். ஐந்து கிலோவை ஐந்து ரூபாய் என்று படித்துவிடும். அவள் அனுப்பியதிலேயே அப்படி ஒன்று பார்த்தேன்.

ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களின் போட்டோவையோ ஆதார் நகலையோ இதற்கு எடுக்க வேண்டாம். வீட்டு பில்களே போதும். 50 படங்களுக்கும் சரியான விடையை மனிதக் கண் பார்த்து முதலில் எழுதி வைக்க வேண்டும். அதை அவளே செய்தால், தான் எதிர்பார்ப்பதையே படித்துவிடுவாள். மங்கல் பிரின்டில் மூன்றா எட்டா என்று முப்பது வருஷமாகப் பார்த்துப் பழகிய ஆள் வீட்டிலேயே இருக்கிறார். ஞாயிறு மதியம் கடை மூடியதும் ஒரு நோட்டை எடுத்து உட்காருங்கள்.