பேரில்லாத மனைவிகள்

ஐயா,
‘எல்லாவற்றையும் விட்டு உம்மைப் பின்பற்றினோம்’ என்று பேதுரு சொல்கிறார். அப்படியானால் மனைவியையும் விட்டுவிட்டாரா? முழுநேர ஊழியத்துக்குக் குடும்பம் தடைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நானும் ஊழியத்துக்குப் போக இருக்கிறேன், வீட்டில் சம்மதமில்லை.
ஜே.

அன்புள்ள ஜே.,

பேதுரு விடவில்லை. கப்பர்நகூமில் காய்ச்சலாய்க் கிடந்த அவருடைய மாமியாரை இயேசு குணமாக்கினார். பிற்பாடு அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஊழியத்துக்குப் போனதைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். அது அவ்வளவுதான்.

கொஞ்ச நாளாக சினேசியுஸின் கடிதங்களோடு இருக்கிறேன். சிலுவை சுமந்த சீமோனின் ஊரான சிரேனேக்காரர், அலெக்சாந்திரியாவின் தத்துவ ஆசிரியை ஹைபேஷியாவின் மாணவர். புத்தகமும் வேட்டைநாய்களுமாக இருந்தவரை 410 வாக்கில் தாலமாயிஸ் நகரத்து மக்கள் பிஷப்பாகக் கேட்டார்கள். அவர் தன் சகோதரருக்கு எழுதினார்: கடவுளும் சட்டமும் தியோபிலஸின் திருக்கரமும் எனக்குத் தந்த மனைவி இவள், இவளைப் பிரியவும் மாட்டேன், கள்ளப்புருஷன் மாதிரி ஒளிந்துபோய்ப் பார்க்கவும் மாட்டேன், எனக்கு நல்ல பிள்ளைகள் நிறைய வேண்டும். அந்தத் தியோபிலஸ்தான் அலெக்சாந்திரியாவின் தலைமை பிஷப். இவருக்குப் பட்டம் கொடுக்க வேண்டியவரும் அவரே. என்ன தைரியம்!

அப்புறம் சினேசியுஸின் மூன்று மகன்களும் இறந்தார்கள். படுக்கையில் கிடந்தபடி சொல்லி எழுதவைத்த கடிதத்தில் ஹைபேஷியாவை அம்மா, சகோதரி, ஆசிரியை என்று அழைத்து, பிள்ளைகளின் நினைவே தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைப்பதாகச் சொல்கிறார். அதை வாசித்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. பிள்ளைகளைப் பெற்றவள் என்ன ஆனாள்? இத்தனை அன்பாய் எழுதியவரின் கடிதங்களிலும் அவள் பேர் இல்லை. பேதுருவின் மனைவிக்கும் வேதத்தில் பேர் இல்லை.

692-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய பிஷப்புகளின் சங்கம், பிஷப்பாகிறவரின் மனைவி பிரிந்து, தூரத்து மடத்துக்குப் போக வேண்டும் என்று விதித்தது. அவள் செலவை பிஷப் பார்த்துக்கொள்ள வேண்டும். இருவரும் சம்மதித்துப் பிரிவது என்றுதான் அதில் இருக்கிறது. புருஷனுக்கு பிஷப் பட்டம் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, எந்தப் பெண்ணால் முடியாது என்று சொல்லியிருக்க முடியும்? விட்டுக்கொடுத்தவள் அவள், தியாகி என்ற பேர் அவருக்கு.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். ‘வீட்டில் சம்மதமில்லை.’ யாருக்குச் சம்மதமில்லை? உங்கள் மனைவிக்கா? அவர் என்ன காரணம் சொன்னார்? ஒரு வரி எழுதத் தோன்றவில்லையே உங்களுக்கு! தடை என்று மட்டும் எழுதத் தெரிந்திருக்கிறது. நசியான்சு என்ற ஊரின் பிஷப்பாக இருந்த மூத்த கிரகோரியை விசுவாசத்துக்குக் கொண்டுவந்தவரே மனைவி நொன்னாதான். அவரே தன் அப்பாவுக்கு வழிகாட்டி என்று, அப்பாவின் மரணத்துக்குப் பின் ஆற்றிய உரையில் மகன் கிரகோரி சொல்கிறார்.

உங்கள் வாஞ்சை உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமில்லை தம்பி. இன்றைக்கு ராத்திரி அவரோடு உட்கார்ந்து பேசுங்கள், குறுக்கே பேசாமல் கேளுங்கள். அவர் சொல்வதையும் சேர்த்து எனக்கு மறுபடி எழுதுங்கள்.