ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் ஒரே டிஜிட்டல் பிஎச் எலக்ட்ரோடு போதுமா? நீண்ட நாள் உழைக்குமா?

பிஎச் எலக்ட்ரோடு என்பது திரவத்தின் அமில, காரத் தன்மையை அளக்கும் உணரி. ஒன்றே பல வகை மாதிரிகளுக்குப் போதும், எல்லாவற்றுக்கும் போதாது. எத்தனை நாள் உழைக்கும் என்பதை முடிவு செய்வது அதன் கண்ணாடியும், ஜங்ஷன் எனும் தொடுமிடமும்தான். டிஜிட்டல் என்பதால் கிடைக்கும் நன்மை வேறு.

நுனியில் உள்ள கண்ணாடிக் குமிழின் மின்தடை சுமார் நூறு மெகா ஓம் இருக்கும். 25 டிகிரி செல்சியஸில் பிஎச் ஒன்று மாறினால் கிடைப்பது வெறும் 59.16 மில்லிவோல்ட். இந்தச் சிக்னல் நீளமான கேபிளில் அப்படியே வந்தால், பக்கத்தில் ஓடும் மோட்டாரும் கனெக்டரில் ஏறிய ஈரமும் அதைக் கெடுத்துவிடும். டிஜிட்டல் வகையில் எலக்ட்ரோடின் தலைப்பகுதியிலேயே அது எண்ணாக மாறிவிடுகிறது. கேலிப்ரேஷன், அதாவது அளவைச் சரிசெய்த விவரமும் அங்கேயே பதிவாகும். அதனால் ஆய்வக மேசையில் நிதானமாகப் பிஎச் அளவு தெரிந்த பஃபர் கரைசலில் சரிபார்த்து, ஆலையில் கொண்டுபோய் மாட்டினால் போதும். தொட்டிக்கு மேலே நீராவியில் நின்றுகொண்டு பஃபர் பாட்டிலைத் திறக்க வேண்டியதில்லை. இந்த வசதிக்காகவே கூடுதல் விலை கொடுக்கலாம் என்பேன்.

சரி, உழைப்பு விஷயத்துக்கு வருவோம். உள்ளே இருக்கும் பொட்டாசியம் குளோரைடு கரைசல் மாதிரியைத் தொடும் இடம்தான் ஜங்ஷன். பெரும்பாலான எலக்ட்ரோடுகள் கெடுவது இங்கேதான். ஆய்வக வகைகளில் இது நுண்துளை உள்ள சிறு பீங்கான் துண்டு. சேறும் எண்ணெயும் புரதமும் அதைச் சீக்கிரம் அடைத்துவிடும். சல்பைடு உள்ள கழிவுநீரில் வைத்தால் வெள்ளையாக இருந்த பீங்கான் கறுத்துப்போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உள்ளிருந்து வரும் வெள்ளி அயனியும் சல்பைடும் சேர்ந்து வெள்ளி சல்பைடாகப் படிவதுதான் அது. அப்புறம் ரீடிங் ஓரிடத்தில் நிற்காது. உள்ளே இன்னொரு தடுப்பு அறை உள்ள இரட்டை ஜங்ஷன் இருந்தால் இது வெகுவாகத் தள்ளிப்போகும். அழுக்கு மிகுந்த மாதிரிக்குப் பாலிமர் எலக்ட்ரோலைட்டும் (திரவத்துக்குப் பதில் கெட்டியான உள்கரைசல்) பீங்கான் துண்டு இல்லாத திறந்த ஜங்ஷனும் உள்ள வகையை எடுங்கள். மிகத் தூய நீருக்கு நேர்மாறாக, திரவ எலக்ட்ரோலைட் சீராகக் கசியும் வகை வேண்டும். இந்த இரண்டையும் ஒரே எலக்ட்ரோடில் எதிர்பார்க்காதீர்கள்.

அமிலத்தோடு ஃபுளோரைடு இருந்தால் சாதாரணக் கண்ணாடியே அரிக்கப்படும். அதற்கென உள்ள தனிக் கண்ணாடியைக் கேட்டு வாங்குங்கள். சூடான காரத்திலும் கண்ணாடி வேகமாகத் தேயும்.

பராமரிப்பில் பெரிய வேலை இல்லை. காய்ச்சி வடித்த நீரில் ஊறவைக்காதீர்கள், 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் வையுங்கள். குமிழைத் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். புரதம் படிந்தால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த பெப்சின், சல்பைடு கறைக்கு அதே அமிலத்தில் தயோயூரியா. கையுறை அவசியம்.

சுத்தம் செய்து, ஊறவைத்து, மறுபடி கேலிப்ரேட் செய்த பிறகும் ஸ்லோப், அதாவது பிஎச் ஒன்றுக்குக் கிடைக்க வேண்டிய மில்லிவோல்ட்டில் உண்மையில் கிடைக்கும் பங்கு, 90 சதவீதத்துக்குக் கீழேயே நின்றால் அந்த எலக்ட்ரோடை மாற்றிவிடுங்கள். பல டிஜிட்டல் மாடல்கள் பழைய ஸ்லோப் அளவுகளையும் சேமித்து வைப்பதால், அது இறங்கிவரும் வேகத்தைப் பார்த்தே புதியதை முன்கூட்டி ஆர்டர் செய்துவிடலாம்.