காவடி விரதமும் வீட்டுக் கோபமும்: கேள்வி பதில்

மொரிசியஸில் தைப்பூசக் காவடிக்குக் கொடியேறும் நேரம். பத்து நாள் விரதம் பிடிப்பவர்கள் வீட்டு உறவுகள் பற்றிக் கேட்டவற்றுக்கு, விரதமுறை அறிந்த ஓர் அம்மா தந்த பதில்கள். கேட்டவர் பெயருக்குப் பதில் அவர் ஊர் இருக்கிறது.

ரோஸ் ஹில்: அம்மா, விரதம் தொடங்கிய மறுநாளே எல்லார் மேலும் எரிந்து விழுகிறேன். பக்தி போதவில்லையா?

பக்தியைச் சந்தேகப்படுமுன் காப்பியைப் பாருங்கள். தினம் மூன்று கோப்பை குடித்தவர் கொடியேற்றத்தன்று ஒரேயடியாக விட்டால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலியும் சிடுசிடுப்பும் வரும். இரண்டாம் நாள்தான் மோசம். சிலருக்கு ஒரு வாரம்கூட இழுக்கும். அடுத்த வருடம் பன்னிரண்டு நாள் முன்பே தொடங்கி, இரண்டு நாளைக்கு அரைக் கோப்பை வீதம் குறையுங்கள். ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் தண்ணீரையும் குறைத்தால் கோபம் இரட்டிப்பாகும். ஒரு வேளைதான் சாப்பிடுகிறீர்கள் என்றால் பணம், கடன், பிள்ளை படிப்புப் பேச்சைச் சாப்பாட்டுக்குப் பிறகு வையுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வேளையைக் குறைக்கக் கூடாது.

குவாத்ர் போர்ன்: வேலையில் மேலதிகாரி என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்தால் மனைவியிடம் கத்திவிடுகிறேன்.

திருக்குறளில் வெகுளாமை அதிகாரம் தொடங்குவதே உங்களை வைத்துத்தான் (301). கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அடக்குபவனே அடக்குபவன். செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்கிறார் வள்ளுவர்.

சரவணபவ என்ற ஆறெழுத்தை மூச்சோடு பழகுங்கள். நாலு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, விடும்போது ச, ர, வ, ண, ப, வ என்று நொடிக்கு ஓரெழுத்தாக மனதுக்குள் சொல்லுங்கள். ஒரு மூச்சுக்குப் பத்து நொடி. ஐந்து நிமிடத்தில் முப்பது மூச்சு. இழுப்பதைவிட விடுவது நீளும்போது இதயத்துடிப்பு தணியும். விளக்கேற்றியதும் தினமும் செய்யுங்கள். பலர் சண்டை உச்சத்தில் இருக்கும்போதுதான் முதல்முறையாக முயன்று பார்த்துவிட்டு, பலிக்கவில்லை என்கிறார்கள். அமைதியாக இருக்கும்போது பழகாத உடம்புக்கு ஆத்திரத்தில் எப்படி வரும்? வேலை முடிந்து வந்ததும் வாசலில் கால் கழுவி, ஆறு மூச்சு விட்டுவிட்டு உள்ளே போங்கள்.

ஏற்கெனவே குரல் உயர்ந்துவிட்டதா? “அரை மணியில் வருகிறேன், அப்போது பேசலாம்” என்று சொல்லிவிட்டு நகருங்கள். படபடப்பு இறங்கக் குறைந்தது இருபது நிமிடம் வேண்டும். சொல்லாமல் போனால் அது அவமதிப்பு. போன இடத்தில் பதிலடியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தால் போனதே வீண்.

மஹேபூர்: நாத்தனார் எல்லார் முன்னாலும் என் சமையலைக் குத்திக் காட்டுகிறார். “பொறுத்துக்கோ, முருகன் பார்த்துப்பான்” என்கிறார் அம்மா. மூன்று வருடமாக முழுங்குகிறேன்.

முழுங்குவதைப் பொறுமை என்று சொல்லி யாரோ நம்மை ஏமாற்றிவிட்டார்கள். முகத்தில் காட்டாவிட்டாலும் உடம்பு கொதித்துக்கொண்டுதான் இருக்கும். கடைசியில் சம்பந்தமில்லாத பிள்ளை மேல் அது பாயும்.

சொல்லிவிடுங்கள். ஆனால் காவடியன்று விருந்துக்கான ஏழு கறி அடுப்பில் இருக்கும்போது வேண்டாம். இரண்டு மூன்று நாள் கழித்து, தனியாக. நடந்தது ஒன்று, உங்களுக்கு வலித்தது ஒன்று, கேட்பது ஒன்று: “அண்ணி, அன்றைக்கு இலையில் பரிமாறும்போது பூசணிக் கறியில் உப்பில்லை என்று விருந்தாளிகள் முன்னால் சொன்னீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த தடவை அடுப்பங்கரையிலேயே சொல்லுங்கள், போட்டுவிடுகிறேன்.” இதில் “எப்பப் பார்த்தாலும்”, “உங்க குடும்பமே” என்று ஒரு வார்த்தை சேர்ந்தாலும் பேச்சு பூசணியை விட்டுவிட்டுப் பரம்பரைக்குப் போய்விடும்.

பெயர், ஊர் வேண்டாம்: கணவர் அடிக்கிறார். அவருக்காக நான் விரதம் இருந்தால் திருந்துவாரா?

அடிக்கு விரதம் மருந்தல்ல, பொறுமையும் அல்ல. இங்கே குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கச் சட்டம் இருக்கிறது. மாவட்ட நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், மாற்றுடை ஒரு பையில், வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். வேண்டுதலைப் பத்திரமான இடத்துக்குப் போன பிறகு நிறைவேற்றினாலும் முருகன் ஏற்றுக்கொள்வான்.

த்ரியோலே: போன வருடம் காவடியோடு நான் சுமந்து போன செம்பில் பால் கோயிலில் திரிந்திருந்தது. அன்று காலை மருமகளோடு சண்டை போட்டதால்தான் என்கிறார்கள்.

புளி போட்டுத் தேய்த்த பித்தளைச் செம்பில் புளிப்பு ஒட்டியிருந்தாலே பால் திரியும். வெயிலில் மணிக்கணக்காக நடந்தாலும் திரியும். செம்பை இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள்; குளிர்ந்த பாலைக் கிளம்பும்போது ஊற்றுங்கள்.

பாலுக்காகச் சாமியிடம் மன்னிப்பு வேண்டாம். சண்டைக்காக மருமகளிடம் கேளுங்கள். நம் வீடுகளில் சண்டை இங்கத்துப் பேச்சுமொழியான கிரியோலில் சரளமாக வருகிறது, மன்னிப்பு எந்த மொழியிலும் வருவதில்லை. என்ன சொன்னீர்களோ அதையே சொல்லி, “அப்படிச் சொன்னது தப்பு” என்று முடியுங்கள். “ஆனா நீயும்” என்று தொடராதீர்கள். அவள் உடனே சிரிக்க வேண்டுமென்று எதிர்பார்க்கவும் வேண்டாம். நாலு நாள் ஆகலாம், கொடி இறங்கிய பிறகும் ஆகலாம்.