சனிக்கிழமைப் பாட்டுக்காரர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் மின்னசோட்டாவில் ஒரு சிற்றூரில் வேலை பார்க்கிறேன். பக்கத்து வீட்டில் எண்பத்தைந்து தாண்டிய ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். அவர் வாசலில் பனி அள்ளிப்போடப் போய்ப் பழக்கமானது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, பி.பி.எஸ். என்ற பொதுத் தொலைக்காட்சியில், லாரன்ஸ் வெல்க் என்ற இசைக்குழுத் தலைவர் நடத்திய பழைய பாட்டு நிகழ்ச்சியான லாரன்ஸ் வெல்க் ஷோ போட்டார். சோப்புக் குமிழிகள், ஒரே நிறத்தில் கோட்டு, எல்லோர் முகத்திலும் ஓயாத சிரிப்பு. முதல் நாள் மரியாதைக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். இப்போது சனிக்கிழமை ஆனால் கால் தானாக அங்கே போகிறது. ஊருக்கு விடுமுறையில் வந்திருந்தபோதுகூட யூடியூபில் தேடிப் பார்த்தேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள். நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன, எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நிகழ்ச்சியின்மேல் எனக்கு ஏன் ஏக்கம் வரவேண்டும்? உண்மையில் அது நல்ல இசைதானா?

பாட்டி ஒருநாள், "உங்கள் ஊரில் இப்படி ஒன்று இருந்ததா?" என்று கேட்டார். ஒலியும் ஒளியும் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல, இது அது இல்லை என்று எனக்கே தோன்றிவிட்டது. என்ன வித்தியாசம் என்று விளக்கத் தெரியவில்லை. அப்புறம், எதிலிருந்து பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகன்

*

அன்புள்ள நண்பருக்கு,

நல்ல இசையா என்றால், வாசித்தவர்கள் நல்ல வாசிப்புக்காரர்கள். வாசிக்கச் சொல்லப்பட்டது பெரும்பாலும் சாதாரணச் சரக்கு. அமெரிக்க விமர்சகர்கள் வெல்க் உயிரோடு இருந்தபோதே அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள், அதில் நியாயமும் உண்டு. எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் அதன் முள்ளையெல்லாம் எடுத்துவிட்டு வழவழவென்று ஆக்கித்தான் மேடையேற்றுவார். 1971-இல் அவருடைய பாடகர்கள் இருவர், கஞ்சா இழுப்பதைப் பற்றிய ஒரு நாட்டுப்புற ராக் பாட்டை, வரியில் ஏசுவின் பெயர் வருகிறது என்பதால் பக்திப் பாட்டு என்று நினைத்து முகமெல்லாம் மலரப் பாடினார்கள். முடிந்ததும் வெல்க் வந்து அதை நவீன ஆன்மிகப் பாடல் என்றே அறிவித்தார். அந்தத் துண்டு இணையத்தில் கிடைக்கிறது. பாட்டியோடு சேர்ந்து பார்க்கவேண்டாம்.

ஏக்கத்துக்கு வருகிறேன். உங்களுக்குச் சொந்தமில்லாத காலம் என்கிறீர்கள். அந்த நிகழ்ச்சி புதிதாக வந்தபோதே பழையதாகத்தான் இருந்தது. லாஸ் ஏஞ்சலஸின் கே.டி.எல்.ஏ. நிலையத்தில் 1951-இல் தொடங்கி, ஏ.பி.சி. வழியாக நாடு முழுவதும் போக ஆரம்பித்தது 1955 ஜூலை 2. அதே மாதம்தான் 'ராக் அரவுண்ட் த க்ளாக்' என்ற ராக் அண்ட் ரோல் பாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. ஒரு பக்கம் பிள்ளைகள் ராக் அண்ட் ரோலுக்கு நாற்காலியை உடைத்துக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் இவர் முப்பதுகளின் நடனக்கூட இசையைப் போல்காவும் வால்ட்ஸுமாக வாசித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்தவர்களும் தங்கள் இளமையைத் தேடித்தான் வந்தார்கள். ஆக, கையிலிருந்து நழுவிய ஒன்றை நினைக்க வைப்பது அந்த நிகழ்ச்சியின் பக்கவிளைவு அல்ல, அதன் தொழிலே அதுதான். உங்களிடமும் அந்தத் தொழிலைக் காட்டிவிட்டது.

வெல்க் பிறந்தது 1903-இல், நார்த் டகோட்டாவில் ஸ்ட்ராஸ்பர்க் என்ற ஊருக்குப் பக்கத்துப் பண்ணையில். ரஷ்யப் பேரரசின் ஒடெசா பகுதியிலிருந்து குடிபெயர்ந்த ஜெர்மன் குடும்பம், வீட்டில் ஜெர்மன்தான். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. நல்ல அக்கார்டியன் ஒன்றுக்கு ஆசைப்பட்டார். விலை 400 டாலர், அந்தக் காலத்தில் பண்ணைக்காரருக்கு அது பெரிய தொகை. அப்பா வாங்கிக் கொடுத்தார், இருபத்தொரு வயது முடியும்வரை பண்ணையில் உழைத்து, வெளியில் வாசித்துச் சம்பாதிப்பதையும் வீட்டில் கொடுக்கவேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு. மகன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இருபத்தொன்றாவது பிறந்தநாள் வந்ததும் கிளம்பிப் போய்விட்டார்.

இந்த ஒப்பந்தப் புத்தி அவரைக் கடைசிவரை விடவில்லை. தன் குழுவையும் அப்படித்தான் நடத்தினார். கலைஞர்களுக்குத் தொழிற்சங்கம் நிர்ணயித்த சம்பளம்தான், நட்சத்திரச் சம்பளம் என்ற பேச்சே கிடையாது. அதற்கு ஈடாக லாபத்தில் பங்கு உண்டு, வருடக்கணக்கில் நிலையான வேலை உண்டு. சங்கீதக்காரனுக்கு மாதச் சம்பள வேலை என்பது எந்த நாட்டிலும் லேசில் கிடைக்கிற விஷயமா? போனவர்கள் போனார்கள். பலபேர் இருபது வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டார்கள்.

மைரன் ஃப்ளோரனை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மாநிலமான சவுத் டகோட்டாக்காரர், 1950-இல் சேர்ந்தார். வெல்க்கைவிட அக்கார்டியனில் பல படி மேல். உங்களைவிட நன்றாக வாசிக்கிறவரை ஏன் சேர்த்தீர்கள் என்று மேலாளர் கேட்டபோது, அப்படிப்பட்டவர்களை மட்டும்தான் நான் சேர்ப்பேன் என்று வெல்க் சொன்னதாக ஒரு கதை உண்டு. அடுத்த முறை ஃப்ளோரனின் வலது கையைப் பாருங்கள். விரல்கள் அந்த ஓட்டம் ஓடும்போதும் முகத்தில் வேலை செய்கிற அடையாளமே இருக்காது, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். நீங்கள் சொன்ன ஓயாத சிரிப்பு அது. அதுவும் வேலையில் ஒரு பகுதி.

லெனன் சகோதரிகள் நால்வரும் வந்தது இன்னொரு வழியில். மூத்தவள் வெல்க்கின் மகனோடு பள்ளியில் படித்தவள். வெல்க் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள் மகன் இவர்களைக் கூட்டிவந்து பாடவைத்தான். 1955 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மேடையேறினார்கள். கடைக்குட்டி ஜானெட்டுக்கு அப்போது ஒன்பது வயது. அடுத்த பதின்மூன்று வருடம் அந்தப் பிள்ளைகள் வளர்வதை, கல்யாணம் ஆவதை, அம்மா ஆவதை ஒரு நாடே வாராவாரம் பார்த்தது. 1968-இல் விலகினார்கள். மறு வருடம் அவர்களில் ஒருத்திமேல் பித்துப்பிடித்த ஒருவன் அவர்களுடைய அப்பாவைச் சுட்டுக் கொன்றான். மேடையில் வாராவாரம் காட்டிய பாதுகாப்பான உலகத்துக்கும் வெளியே இருந்த உலகத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதற்கு இதைவிடக் கொடுமையான சாட்சி தேவையில்லை.

ஜோ ஆன் காஸில் பியானோவை அடி அடியென்று அடித்துச் சிரிப்பார். பாபி பர்கெஸ் டிஸ்னியின் குழந்தைகள் குழுவிலிருந்து வந்த நடனக்காரர், ஃப்ளோரனின் மகளைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே குடும்பத்துக்குள் வந்துவிட்டார். கய் ஹோவிஸும் ரால்னா இங்கிலிஷும் கணவன் மனைவியாக ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டு பாடினார்கள். நிகழ்ச்சி நின்றபின் விவாகரத்து ஆயிற்று. அதற்கு அப்புறமும் மேடையில் சேர்ந்து பாடினார்கள், அதே பாட்டுகளை!

எல்லோரையும் அப்பா மாதிரி பார்த்துக்கொண்டார் என்றால், அந்த அப்பா கண்டிப்பானவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். வெல்க் தன் இசைக்கு 'ஷாம்பெயின் இசை' என்று பெயர் வைத்திருந்தார். அதனால் 'ஷாம்பெயின் லேடி' என்று பெயர்பெற்ற பாடகி ஆலிஸ் லானை 1959-இல் வெளியேற்றினார். முழங்கால் அதிகம் தெரிகிறது என்பதுதான் காரணம் என்று செய்தி வந்தது. ரசிகர்களின் கோபக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து விழுந்ததும் திரும்பக் கூப்பிட்டார். அந்த அம்மா வரவில்லை. எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

ஆர்தர் டங்கனைத் தனியாகச் சொல்லவேண்டும். காலணியைத் தரையில் தட்டித் தாளம் போட்டு ஆடும் டேப் டான்ஸ் கலைஞர், கறுப்பினத்தவர். 1954-இல் நடிகை பெட்டி ஒயிட் தன் டிவி நிகழ்ச்சியில் அவரை ஆடவைத்தபோது, தென்மாநில நிலையங்கள் அவரைத் தூக்கச் சொல்லி மிரட்டின. பெட்டி ஒயிட் மசியவில்லை. பத்து வருடம் கழித்து, 1964-இல், வெல்க் அவரை நிரந்தரமாகச் சேர்த்துக்கொண்டார். கடைசி வருடம்வரை ஆடினார். இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டம் நிறைவேறிய அதே வருடம், வெள்ளைக்காரப் பாட்டிமார்கள் பார்க்கிற நிகழ்ச்சியில் ஒரு கறுப்பின மனிதர் வாராவாரம் வரவேற்பறைக்குள் வந்தார், அது சின்ன விஷயமில்லை. அத்தனை வருடமும் அந்தப் பெரிய குழுவில் அவர் ஒருவர் மட்டும்தான், அதுவும் சின்ன விஷயமில்லை. அந்த மேடையில் வியட்நாம் போர் இல்லை, இனக் கலவரத்தில் எரிந்த நகரங்கள் இல்லை. அந்தக் காலத்து அமெரிக்கா அப்படித்தான் இருந்தது என்று பாட்டி சொன்னால் வாதம் செய்யவேண்டாம், ஆனால் நம்பவும் வேண்டாம். டங்கனின் கால்களைப் பாருங்கள். இடுப்புக்கு மேலே எல்லாம் வெல்க் கேட்ட பணிவு. கீழே ஓடும் தாளம் அவருடையது.

இப்போது ஒலியும் ஒளியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னைத் தூர்தர்ஷன், பக்கத்து வீட்டுத் திண்ணை, டிவி இருந்த வீட்டுக்குள் தெருவே அடைந்து கிடந்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நிகழ்ச்சிக்கென்று ஒரு கலைஞர்கூடக் கிடையாது. சினிமாப் பாட்டுகளைத் தொகுத்துப் போட்டார்கள், அவ்வளவுதான். நாம் ஏங்குவது அந்த வெள்ளிக்கிழமைக்கு, அந்தத் தெருவுக்கு. பாட்டி ஏங்குவது ஆட்களுக்கு, பெயர் தெரிந்த ஆட்களுக்கு. நீங்கள் விளக்கத் தடுமாறியது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

நம்மிடம் வாசித்தவர்கள் எப்போதும் திரைக்குப் பின்னால். விஸ்வநாதன்–ராமமூர்த்தி பாட்டுகளில் அக்கார்டியன் எத்தனை முறை வந்து மனதைப் பிசைந்திருக்கிறது, வாசித்தவர் முகத்தைப் பார்த்தோமா? 1964-இல் வந்த 'சர்வர் சுந்தர'த்தில் 'அவளுக்கென்ன' பாட்டுக்கு எம்.எஸ்.வி.யே நின்று இசைக்குழுவை நடத்துவதைக் காட்டினார்கள். இன்றைக்கும் அந்தக் காட்சியை விழுந்து விழுந்து பார்க்கிறோம் என்றால், அப்படி வேறொன்று அதிகம் இல்லை என்பதால்தான். கச்சேரி மேடையில் மெல்லிசைக் குழுத் தலைவர் "கீபோர்டில்…" என்று பெயர் சொல்லும்போது ஒரு நொடி கைதட்டுவோமே, வெல்க் ஷோ முழுக்க அந்த நொடிதான். கிளாரினெட்காரர் எழுந்து நிற்பார், பெயர் சொல்லப்படும், தன் இரண்டு நிமிடத்தை வாசிப்பார், உட்காருவார். அடுத்த வாரமும் வருவார்.

நீங்கள் பார்க்கிற மறு ஒளிபரப்பு இதை இன்னும் இரட்டிப்பாக்குகிறது. 1987 முதல் ஓக்லஹோமாவின் பொதுத் தொலைக்காட்சிதான் பழைய நிகழ்ச்சிகளை எடுத்துத் தொகுத்து பி.பி.எஸ். நிலையங்களுக்குத் தருகிறது. நடுவிலோ முடிவிலோ அந்தக் கலைஞர்களே முதுமையில் வந்து பேசுகிற துண்டுகளைச் சேர்த்தார்கள். இருபது வயதில் பாடியவர் ஐந்து நிமிடம் கழித்து நரைத்த தலையோடு உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுகிறார். அந்த இடைவெளியைப் பார்க்க யாருக்கும் பழைய அமெரிக்கா தெரிந்திருக்கத் தேவையில்லை. உங்களைப் பிடித்திருப்பது பாட்டைவிட அதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

இன்னொன்று. 1971-இல் ஏ.பி.சி. இந்த நிகழ்ச்சியை நிறுத்தியது. பார்க்க ஆள் இல்லாமல் இல்லை, பார்த்தவர்களின் வயதுதான் பிரச்சினை. விளம்பரதாரர்களுக்கு இளைஞர்கள் வேண்டும். வெல்க் சளைக்கவில்லை, ஊர் ஊராக உள்ள நிலையங்களுக்கு நேராகவே விற்றார். இருநூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் எடுத்துக்கொண்டன. 1982 வரை, இன்னும் பதினொரு வருடம் ஓடியது. வயதானவர்கள் சந்தைக்கு ஆகமாட்டார்கள் என்று கணக்குப் போட்ட கம்பெனிக்காரர்களுக்கு ஒரு பண்ணைக்காரர் போட்ட எதிர்க்கணக்கு. அவரை எனக்குப் பிடிப்பது இந்த இடத்தில்தான், இசையில் அல்ல.

எதிலிருந்து பார்க்கலாம்? 1965-இல்தான் நிகழ்ச்சி கலருக்கு மாறியது. மறு ஒளிபரப்பில் வருவது பெரும்பாலும் அதற்குப் பிந்தையவை. இணையத்தில் அதற்கு முந்தைய கறுப்பு வெள்ளைத் துண்டுகளைத் தேடுங்கள், கலர் கோட்டு கண்ணை மறைக்காது. 1961 பிப்ரவரியில் வெல்க்குக்கு முதலிடம் வாங்கித் தந்த 'கல்கட்டா'வைக் கேளுங்கள். அப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. கல்கத்தாவுக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை, ஜெர்மன்காரர் போட்ட மெட்டு. பியானோவுக்கு முன்னோடியான ஹார்ப்சிகார்டின் கிணுகிணுப்பு மட்டும் நன்றாக இருக்கும்.

அதற்கப்புறம் பீட் ஃபவுண்டன். நியூ ஆர்லியன்ஸ் கிளாரினெட்காரர், 1957-இல் வந்தார், இரண்டு வருடம்தான் தாங்கினார். ஷாம்பெயினும் பர்பன் விஸ்கியும் ஒன்றாகச் சேராது என்று சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பிச் சொந்தமாகக் கிளப் வைத்தார். அங்கே வாசித்ததையும் வெல்க் மேடையில் வாசித்ததையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டுவிட்டு எழுதுங்கள். எனக்கு இரண்டாவதும் பிடிக்கும், அதை என் ஜாஸ் நண்பர்களிடம் சொல்வதில்லை.

அன்புடன்