பழைய இரும்பு ஜன்னலை மாற்றும்போது வீட்டுக்காரர் எதற்குத் தயாராக இருக்க வேண்டும்?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் 1960களில் கட்டிய வீடு. துருப்பிடித்த இரும்பு ஜன்னல்களை அலுமினியத்துக்கு மாற்றுகிறோம். ஒரே நாளில் முடிந்துவிடும் என்கிறார்கள். நம்பலாமா?

புதிய ஜன்னலை மாட்ட ஒரு நாள் போதும்தான். பழையதைப் பிடுங்குவதும், சுவரைப் பழையபடி ஆக்குவதும்தான் வேலை. அந்தக் காலத்து இரும்புச் சட்டத்தின் காதுகளை, அதாவது பக்கவாட்டில் நீட்டி நிற்கும் இரும்புப் பட்டைகளை, சுவருக்குள் விட்டுச் சிமெண்ட் வைத்துப் பூசியிருப்பார்கள். கிரைண்டரால் துண்டு துண்டாக அறுத்துத்தான் எடுக்க முடியும். எடுக்கும்போது ஓரத்துப் பூச்சு உதிரும், ஜன்னல் திண்டின் ஓடும் உடையலாம். “பூச்சு வேலையும் பெயிண்டும் உங்கள் கணக்கா, எங்கள் கணக்கா?” என்று முதலிலேயே கேட்டு விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள். தகராறு வருவது பெரும்பாலும் இங்கேதான்.

தூசி வீடு முழுக்கப் பறக்கும். சாமி அறையை முதலில் மூடிவிடுங்கள். இன்னொன்று, அந்தப் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் பெயிண்டில் ஈயத்துக்குச் சட்டப்படி வரம்பு வந்ததே 2009இல்தான். சின்னக் குழந்தைகளை அன்றைக்கு உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தரையை ஈரத்துணியால் துடையுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மறுபடி கிளம்பும்.

இங்கே நம் ஊர்க்காரர்களின் முதல் கவலை திருடன்தான். பல வீடுகளில் தடுப்புக் கம்பி பழைய சட்டத்தோடு சேர்த்து வெல்டிங் செய்ததாக இருக்கும். ஜன்னலோடு அதுவும் போய்விடும். எல்லா அறையையும் ஒரேயடியாகப் பிரிக்க விடாதீர்கள். பிரித்த அறையில் அன்று மாலைக்குள் புது ஜன்னலும் கம்பியும் மாட்டியாக வேண்டும் என்று கறாராகச் சொல்லுங்கள். புதுக் கம்பிகளில் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும், தீ விபத்து என்றால் வெளியே வர வழி வேண்டுமே.

கண்ணாடியில் கஞ்சத்தனம் வேண்டாம். 6.38 மி.மீ. லேமினேட்டட் கண்ணாடி உடைந்தாலும் நடுவில் உள்ள படலத்தில் ஒட்டி நிற்கும், உள்ளே நுழைவது கஷ்டம். தரையை ஒட்டி வரும் ஜன்னலுக்கும், கதவுக்கும், ஷவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடிதான் போட வேண்டும் என்கிறது தென்னாப்பிரிக்கக் கட்டடத் தரநிலையான எஸ்.ஏ.என்.எஸ். 10400இன் ‘என்’ பகுதி. அந்தக் கண்ணாடியின் மூலையில் அழியாத முத்திரை இருக்கும், தேடிப் பாருங்கள். டர்பனின் உப்புக்காற்றுக்குச் சாதாரண இரும்புத் திருகு தாங்காது. 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுத் திருகு கேளுங்கள்.

அளவு அப்படியே இருந்தால் வேலை சுலபம். ஜன்னலைப் பெரிதாக்கினால் மேலே சுவரைத் தாங்கும் லின்டல் மாறும், நகராட்சியில் வரைபட அனுமதியும் கேட்பார்கள்.

அப்புறம், காலம். டர்பனில் கோடையில்தான் மழை, அதனால் இங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்லது. தீபாவளிக்கு முன் முடித்துவிடலாம் என்று அக்டோபரில் ஆர்டர் கொடுத்தால், தாமதமாகித் தாமதமாகி டிசம்பர் நடுவில் கட்டுமானக்காரர்களின் விடுமுறையில் போய் முட்டும். ஜனவரி வரை யாரும் வரமாட்டார்கள்.

கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் தோட்டத்து ஹோஸ் பைப்பால் ஒவ்வொரு ஜன்னல் மீதும் நன்றாகத் தண்ணீர் அடியுங்கள். சட்டத்தின் அடியில் வெளிப்பக்கம் சின்னத் துளைகள் இருக்கும், தண்ணீர் வடிய. என் அக்கா வீட்டில் வந்த ஆள் அழகாக இருக்கட்டும் என்று அவற்றையும் சிலிக்கான் வைத்து அடைத்துவிட்டார். அடுத்த மழைக்குத் தண்ணீர் ஹாலுக்குள். சட்டத்தின் மேல் ஒட்டி வரும் பாதுகாப்பு டேப்பையும் அன்றே உரிக்கச் சொல்லுங்கள், வெயிலில் காய்ந்தால் பிறகு நகத்தால் சுரண்ட வேண்டியதுதான். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்: ஜன்னலிலேயே குறை என்றால், பொருள் வந்து சேர்ந்த 6 மாதத்துக்குள் பழுது நீக்கமோ, மாற்றுப் பொருளோ, பணமோ கேட்க 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உரிமை தருகிறது.