பட்டறைக் கேள்வி-பதில்: வளைந்த சுங்கான்

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடையும் பட்டறை எங்களுக்கு. வளைந்த சுங்கான் (புகையிலை வைத்துப் புகைக்கும் பைப்) நாலு வேண்டும் என்று ஒருவர் கேட்டார். மஞ்சக்கடம்பில் செய்தோம். இரண்டு தண்டில் ஒடிந்தன. ஒன்று நெருப்பு வைத்ததும் உள்ளே கருகிவிட்டது. ஈட்டி மரத்தில் (ரோஸ்வுட்) செய்யலாமா அண்ணாச்சி?

பதில்: ஈட்டி வேண்டாம். அதன் தூளே பலருக்குத் தோலில் அரிப்புத் தரும். அதில் நெருப்பு வைத்து வாயில் வைப்பானேன்? மஞ்சக்கடம்பு சொப்புக்குத்தான் அருமை. ஒடிந்ததற்குக் காரணம் ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடும் வரி. புகையிலை வைக்கும் கிண்ணம் நிமிர்ந்து நிற்கிறது, தண்டு சாய்ந்து போகிறது. ஒரே திசையில் ஓடும் ரேகை ஏதோ ஓரிடத்தில் குறுக்கே வெட்டுப்பட்டே தீரும். சுங்கான் செய்பவர்கள் பிரையர் கட்டையைத் தேடுவது இதனால்தான். மத்தியதரைக்கடல் ஓரங்களில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற செடியின் வேருக்கும் தண்டுக்கும் நடுவே மண்ணுக்குள் திரளும் முண்டு அது. ரேகை பின்னிக் கிடப்பதால் லேசில் பிளக்காது, சூடும் தாங்கும். மணிக்கணக்கில் வேகவைத்துச் சாற்றை இறக்கி, மாதக்கணக்கில் உலர்த்திய கட்டையாகப் பார்த்து வரவழையுங்கள். சரியாக உலராதது மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள், வெடிப்பு விடும்.

கேள்வி: வளைந்த தண்டுக்குள் வளைந்த துளை போடுவது எப்படி? (தென்காசி வாசகர்)

பதில்: போடவே வேண்டாம். வளைவெல்லாம் வெளியே, கண்ணுக்கு. கட்டைக்குள் எல்லாத் துளையும் நேர்தான்.

கட்டையின் பக்கவாட்டில் சுங்கானை முழு அளவில் வரையுங்கள். உருவம் செதுக்குமுன், கட்டை சதுரமாக இருக்கும்போதே துளையிடுங்கள். பிறகு பிடிமானம் கிடைக்காது. கிண்ணக்குழி 20 மி.மீ. அகலம், 38 மி.மீ. ஆழம், அடி உருண்டையாக. தண்டு முனையில் வாய்க்குழல் செருக 8 மி.மீ. துளை, 18 மி.மீ. ஆழம். அதன் நடுவிலிருந்து 4 மி.மீ. காற்றுத்துளை சாய்வாக இறங்கி, குழியின் அடிநடுவில் சரியாகத் திறக்க வேண்டும். வேலையின் உயிர் இந்த இடம்தான். 3 மி.மீ. மேலே திறந்தால் அடிப்புகையிலை எரியாமல் ஈரச்சக்கையாகத் தங்கும். கீழே இறங்கினால் அடித்தரையில் பள்ளம் விழுந்து அங்கேதான் ஓட்டையாகும். அடியில் 8, சுவரில் 6 மி.மீ.க்குக் குறையாமல் மரம் நிற்கட்டும்.

வளைவு கூடக்கூடக் காற்றுத்துளை செருகுதுளையின் நடுவை விட்டு மேலே ஏறிவிடும். பஞ்சு சுற்றிய கம்பியை வாய்முனையில் விட்டுப் பாருங்கள். குழிவரை தட்டாமல் வந்தால் சரி; முட்டினால் அங்கே ஈரம் தேங்கி, இழுக்கும்போது குளுகுளு சத்தம் கேட்கும். வாய்க்குழலின் செருகுமுனை துளையின் ஆழத்தைவிட அரை மி.மீ. மட்டும் குட்டையாக இருக்கட்டும். அதற்குமேல் இடைவெளி விட்டாலும் அதே சத்தம்தான். சாரல் மாதங்களில் மரம் ஊதும். ஆனியில் இறுக்கிச் செருகிய முனையைத் திருகி எடுத்தால் தண்டு விரிசல் விடும்.

கடைசலில் கிண்ணத்தின் மேல்பாதிதான் கடைய முடியும். மிச்சமெல்லாம் அரமும் உப்புத்தாளும்: 220, 400, 600 எண் தாள்கள் வரிசையாக.

கேள்வி: எபோனைட் (கெட்டி ரப்பர்) வாய்க்குழலை வளைத்தால் நடுவில் சப்பிப் போகிறது.

பதில்: உள்ளே பஞ்சுக்கம்பியை விட்டுக்கொண்டு வளையுங்கள். வாணலி மணலைச் சூடாக்கி, குழலைப் புரட்டிப் புரட்டி இளக்கி, மரஅச்சில் வைத்து அழுத்தி, அப்படியே பச்சைத்தண்ணீரில் முக்குங்கள். கந்தக வாடை அடித்தால் சூடு மிஞ்சிவிட்டது. கோணினால் கவலை வேண்டாம், மறுபடி சூட்டில் காட்டினால் பழைய நேருக்கே திரும்பும். வெயிலில் வைத்தால் கறுப்பு மங்கிப் பச்சைப்பழுப்பாகும்.

கேள்வி: சொப்புக்குப் போடும் அரக்கையே பூசலாமா?

பதில்: கூடாது. கிண்ணம் சூடேறினால் அரக்கு இளகிக் கையில் ஒட்டும். ஸ்பிரிட் சாயம், மேலே கார்னௌபா மெழுகு (ஒருவகைப் பனை ஓலையிலிருந்து எடுப்பது) மெல்லிசாக, துணிச்சக்கரத்தில். குழிக்குள் எதையும் பூசக் கூடாது.